வயலுக்குச் சைக்கிளில் போன ஞாயிற்றுக்கிழமை

பெற்றோல் கிடைக்காமல் போன மாதங்களில்தான் நான் திரும்பவும் சைக்கிள் ஏறினேன். அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. வீடு பாலையூற்றில், நான் கணிதம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் மூதூரில். நடுவில் கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு போகிற நீண்ட வீதி. பஸ் ஒழுங்காக ஓடின நாட்களில் அது எனக்கு நித்திரை கொள்கிற தூரம். சீனக்குடாவில் கண்ணை மூடினால் மூதூரில்தான் திறப்பேன். பஸ் நின்ற பிறகுதான் அந்த வீதியில் இத்தனை ஏற்றமும் இறக்கமும் பாலங்களும், வீட்டுக்கு ஒன்றாக நாய்களும் இருப்பது தெரிந்தது.

சைக்கிள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இறக்கக்கண்டியில் என் கணவரின் நண்பர் ஒருவர் வெளிநாட்டுக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். நாடு முழுக்கச் சைக்கிளில் சுற்றிய ஒரு பெண், ஊருக்குத் திரும்பும்போது அதைப் பெட்டிகட்டிக் கொண்டுபோக அலுப்புப்பட்டு அவரிடமே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில். விரல் மொத்தத்தில் சில்லு. கரியர் இல்லை, மட்காட் இல்லை, மணிகூட இல்லை. நாங்கள் போனபோது நண்பர் அதன் மேல் ஈரத் துவாய்கள் காயப்போட்டிருந்தார்.

"இதில நீர் ஏறுவீரோ?" என்று கேட்டார் என் கணவர்.

"ஏறுறது பிரச்சினையில்லை. இறங்கிறதுதான் யோசினை," என்றேன்.

சொன்னபடியே நடந்தது. முதல் நாள் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற அனுராதபுரச் சந்தியில் நிற்கத் தெரியாமல் ஒரு மரக்கறிக் கடையின் பூசணிக்காய்களுக்குள் போய் நின்றேன். இரண்டாம் நாள் அதே கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதும் பூசணிக்காய்களை உள்ளே எடுத்து வைத்தார். ஒரு கிழமையில் பழகிவிட்டேன். அந்த நாட்களில் பள்ளிக்கூடமும் கிழமைக்கு மூன்று நாள்தான் நடந்தது. அதனால் உடம்பு தாங்கியது.

சீனக்குடா தாண்டினால் வீதி மேலே ஏறத் தொடங்கும். இரண்டு பக்கமும் காடு. அந்தக் காட்டுக்குள்ளே வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூட மண்டபம் அளவு. ஊரில் ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஆட்கள் வரிசையில் பாய் போட்டுப் படுத்துக் கிடக்க, நான் அந்தத் தாங்கிகளுக்கு நடுவால் மூச்சு வாங்க மிதித்துப் போவேன். ஏற்றத்தில் சிரிக்கக்கூடாது, மூச்சுப் போய்விடும். ஆனாலும் எனக்கு ஒவ்வொரு நாளும் சிரிப்பு வந்தது.

கிண்ணியாப் பாலத்தின் அந்தப் பக்கத்தில் விஞ்ஞான டீச்சர் காத்துக்கொண்டு நிற்பார்.

விஞ்ஞான டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிறவர். கிண்ணியாக்காரி. என்னைவிட ஆறு வயது இளையவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவோம். பத்து வருசமாக அப்படித்தான். அவர் ஓடியது தன் மகளுடைய சைக்கிள். ரோசா நிறம், முன்னால் ஒரு கூடை, கியர் கிடையாது. அபாயா சங்கிலிக்குள் சிக்காமல் இருக்கக் கீழ்மடிப்பில் இலாஸ்டிக் வைத்துத் தானே ஒன்று தைத்திருந்தார். உள்ளே நீளக் காற்சட்டை. தலையில் முக்காடு, அதற்கு மேல் ஹெல்மெட். கூடைக்குள் சோற்றுப் பார்சல், திருத்திய கொப்பிகள், ஒரு குடை.

என்னுடைய சைக்கிளுக்குப் பதினாறு கியர். அவருடையதற்கு ஒன்றுமில்லை. இருந்தும் உப்பாற்றுப் பாலம் வருவதற்குள் அவர் எனக்கு முன்னால் போய்விடுவார். கதைத்துக்கொண்டே போவார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஆம் என்று சொல்லக்கூட மூச்சில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு போவேன்.

ஊரில் கதை வராமல் இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற மனிசி வீதியால் சைக்கிள் ஓடிப் போகிறாள் என்று யாரோ டீச்சருடைய மாமியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மாமி, "அவள் பள்ளிக்கூடம் போகாட்டி பிள்ளையளுக்கு நீங்க போய்ப் படிப்பிச்சுக் குடுப்பீங்களோ?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். டீச்சர் இதைச் சொன்ன நாளில் மூதூர் வரைக்கும் எங்களுக்குக் களைப்பே தெரியவில்லை.

பிறகு பெற்றோல் வந்தது. பஸ் வந்தது. பள்ளிக்கூடத்து மாமரத்துக்குக் கீழே வரிசையாய் நின்ற சைக்கிள்கள் ஒரு மாதத்துக்குள் காணாமல் போயின. நானும் பஸ்ஸுக்குத் திரும்பினேன். திரும்பிய முதல் கிழமையே எனக்கு நித்திரை வரவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு வருவேன்; இந்த இடத்தில் இரண்டாம் கியர், இந்த வளைவில் கறுத்த நாய், இந்தப் பாலத்தில் காற்று இடப்பக்கம் தள்ளும் என்று என் கால்கள் தாமாகவே நினைத்துக்கொண்டு வந்தன. ஒரு நாள் இடைவேளையில் விஞ்ஞான டீச்சர் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து மெல்லமாகச் சொன்னார்.

"டீச்சர், எனக்கு பஸ்ஸில தலை சுத்துது."

"எனக்கும்தான்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமையில சைக்கிள் ஓடுவமா? சும்மா. ஒரு வேலையுமில்லாம?"

அப்படித்தான் ஞாயிறுகள் தொடங்கின. முதலில் தம்பலகாமத்து வயல்வெளிகள். பிறகு கன்னியா மலைகளைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு வேலையுமில்லாமல் இரண்டு பெண்கள் சைக்கிளில் போவதை ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது ஏற்றம் ஏறுவதைவிடக் கடினம். "எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். "சும்மா" என்றால் நம்பமாட்டார்கள். கடைசியில் "ஒரு வீட்டுக்குப் போறம்" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். வீடு, செத்த வீடா கலியாண வீடா என்று அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

அல்லைப் பயணம் வந்தது டீச்சருடைய கணவரால். அவருக்கு அல்லைக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கத்தில் வயல் இருக்கிறது. வேளாண்மைக் காலத்தில் கிழமைக்கு நாலு நாள் அங்கே ஒரு வாடியில் தங்குவார். வாடி என்றால் வயலுக்குக் காவல் இருக்கிற சின்னக் குடில். ஒரு இரவுச் சாப்பாட்டில், அவர் வயலில் தானே சமைத்துச் சாப்பிடுகிற பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்க, டீச்சர் இடையில், "ஒரு நாளைக்கு நான் சைக்கிள்ள வந்து பாக்கத்தானே போறன்," என்று சொல்லியிருக்கிறார். அவர் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டதாம்.

"நீ சைக்கிள்ள வயலுக்கு வந்து சேந்தா, அண்டைக்குப் பகல் சோறு என்ட கையால," என்று சொன்னாராம்.

"டீச்சர், வாற ஞாயிறு," என்றார் விஞ்ஞான டீச்சர் என்னிடம். கேள்வியாக இல்லை.

தை மாதம். மழை விட்டு இரண்டு கிழமை. நான் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது இன்னும் விடியவில்லை. கணவர் கேற் வரைக்கும் வந்து, ரோச் லைற்றால் என் சில்லுகளை அடித்துப் பார்த்து, "காத்துப் போதும்," என்றார். தேத்தண்ணிப் போத்தலையும் நாலு ரொட்டியையும் முதுகுப்பைக்குள் வைத்தது அவர்தான் என்பதைப் பிறகுதான் கண்டேன்.

பாலத்தில் டீச்சர் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து நின்றார். கடல் வெளுத்துக்கொண்டு வந்தது. பாலத்தின் கைப்பிடியோடு நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் எங்களைப் பார்த்துத் தூண்டிலை உயர்த்தி வழிவிட்டார்கள். உப்பாறு, கங்கை, இறால்குழி. பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. கங்கை என்று நாங்கள் சொல்கிற மகாவலி அன்று பால்தேத்தண்ணி நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. பெரிய ஆறு ஓடுகிறபோது சத்தம் போடாது. பாலத்தில் நின்று காது கொடுத்தால் தூண்களில் தண்ணீர் உரசுகிற சின்னச் சத்தம்தான் கேட்கும். நாங்கள் ஒரு ரொட்டியைப் பாதி பாதியாகப் பிய்த்துத் தின்றுவிட்டுத் திரும்பவும் ஏறினோம்.

மூதூர்ச் சந்தியில் எங்கள் மாணவி ஒருத்தியின் தகப்பன் கடை திறந்துகொண்டிருந்தார். "டீச்சர்மார், இண்டைக்கும் வகுப்போ?" என்று கேட்டார்.

"ஓம், எங்களுக்கு!" என்று கத்திவிட்டுப் போனார் விஞ்ஞான டீச்சர்.

தோப்பூர் தாண்டி என் பின்சில்லு காற்றுப் போனது. முன்பென்றால் நான் வீதிக்கரையில் இருந்து அழுதிருப்பேன். ஆனால் இதைக் கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் படித்திருந்தேன், வீட்டில் இரண்டு தரம் செய்தும் பார்த்திருந்தேன். டயரை நெம்பி எடுக்கிற கருவி என்னிடம் இல்லை. குசினியிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி கொண்டுவந்திருந்தேன். அவற்றைக் கண்டு டீச்சர், "சாப்பாடு கொண்டு வந்தீங்களோ எண்டு நினைச்சன்," என்றார். இருபது நிமிடம். கையெல்லாம் கறுப்பு, நெற்றியிலும் கறுப்பு. புது ரியூப் போட்டு, சின்னப் பம்பால் காற்றடித்து, சில்லு ஒரு சுற்றுச் சுற்றியபோது வந்த சந்தோசம் நான் கணிதத்தில் பட்டம் எடுத்த நாளில்கூட வரவில்லை.

கிளிவெட்டி கழிய வீதி அமைதியாகிவிட்டது. இரண்டு பக்கமும் வயல், முழங்கால் உயரத்துக்குப் பச்சை. கொக்குகள். ஒரு கோயில், ஒரு குளம், எருமைகள், திரும்பவும் வயல். வீட்டு முற்றங்களில் பெண்கள் தலை இழுத்துக்கொண்டு இருந்தார்கள். சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். தூரத்தில் சின்னச் சின்ன மலைகள், மலை என்று சொன்னால் மலைநாட்டுக்காரர் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் பக்கத்துக்கு அது மலைதான். அல்லைக்குப் போக அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று வாய்க்கால் கட்டோடு போகிற மண் வீதி, மட்டமானது, சுற்று. மற்றது மலையைக் கடந்து போகிற தார் வீதி. மண் வீதி மழையில் சேறாகிக் கிடக்கும் என்று நினைத்து நாங்கள் மலை வீதியைப் பிடித்தோம். இதுதான் பின்னால் நடந்த குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

ஏற்றம் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெண் பலகை ஒன்றில் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி வந்து கையை நீட்டி மறித்தார்.

"பிள்ளையள், நில்லுங்கோ. முன்னுக்கு வளைவில பெரியவர் நிக்கிறார்."

"எந்தப் பெரியவர்?" என்று கேட்டேன் நான். யாரோ கிராமத்துத் தலைவர் என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பெண் ஒரு கையை மூக்குக்கு முன்னால் தூக்கி, தும்பிக்கை மாதிரி மெல்ல ஆட்டிக் காட்டினார். யானையைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாதாம், கூப்பிட்டால் வந்துவிடுமாம்.

"எவ்வளவு நேரம் நிப்பார்?" என்றார் விஞ்ஞான டீச்சர்.

"அது அவரைத்தான் கேக்கவேணும். உழவு மிசின் ஒண்டு வரும். அதோட போங்கோ. மிசின் சத்தத்துக்கு உள்ளுக்குப் போயிடுவார்."

நாங்கள் மரத்தடியில் குந்தியிருந்து ஆளுக்கொரு சட்டி எருமைத் தயிரை இனிப்பான கித்துள் பாணியோடு தின்றோம். ரியூப் மாற்றின கரண்டிகளைத்தான் கழுவி எடுத்துக்கொண்டோம். தன் கணவருக்குச் சொல்லலாம் என்று டீச்சர் கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்த்தார். வயல் பக்கத்தில் சிக்னல் கிடையாது, மணி போகவேயில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போயிற்று. பசளை மூட்டை ஏற்றின டிரக்டர் வந்தபோது தயிர்க்காரி ஓட்டுநரிடம், "இந்த ரெண்டு பிள்ளையளையும் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ," என்று ஒப்படைத்தார். எனக்கு நாற்பத்தாறு வயதாகியிருந்தது. பிள்ளை என்று கேட்கச் சுகமாக இருந்தது.

வளைவில் பெரியவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஆவி பறக்கிற சாணமும், முறிந்த ஒரு வீரை மரக் கொப்பும். நாங்கள் டிரக்டரின் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதித்தோம். அதன் புகை முழுக்க எங்கள் வாய்க்குள். டிரக்டரும் எங்களைப் போலத்தான் இருமிக்கொண்டு ஏறியது. பாதி ஏற்றத்தில் என்னால் ஏலாமல் போனது. இறங்கி உருட்டினேன். கொஞ்சம் ஏறினேன், திரும்பவும் இறங்கினேன். முன்னால் ரோசா நிறச் சைக்கிள் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருந்தது. விஞ்ஞான டீச்சர் எழும்பி நின்று மிதித்தார். அபாயா காற்றில் கப்பல் பாய் மாதிரிப் பொங்கியது. ஒரு தரம்கூட அவர் கால் நிலத்தில் படவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது டிரக்டர்க்காரர் எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு கல்லில் ஏறி நின்று பார்த்தோம். கீழே வயல், வயலுக்குள் கோடு கிழித்த மாதிரி வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் மரங்களுக்கு நடுவே ஆறு திரும்பித் திரும்பிப் போனது. நல்ல தூரத்தில் குடா ஒரு தகடு மாதிரி மினுங்கியது. அதற்கும் அப்பால் நீலமாய் ஒரு மேடு. "அதுதான் டீச்சர், உங்கட வீட்டுப் பக்கம்," என்றார் விஞ்ஞான டீச்சர். நான் அதிகம் பார்க்கவில்லை. அவ்வளவு தூரமும் திரும்பிப் போகவேண்டும் என்ற யோசனை வந்துவிட்டது.

இறக்கம் என்னுடையது. மெல்லிய சில்லுக்கும் வளைந்த ஹாண்டிலுக்கும் கடவுள் இறக்கத்தைத்தான் படைத்திருக்கிறார். குனிந்து படுத்தேன். காற்று காதுக்குள் ஊளையிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்து காதுப் பக்கமாக ஓடியது. மரங்கள், வெளிச்சம், மரங்கள், வெளிச்சம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, சொல்லாக இருக்கவில்லை. எட்டாம் ஆண்டில் படிக்கிறபோது விளையாட்டுப் போட்டியில் கத்தினதற்குப் பிறகு நான் அப்படிக் கத்தியதில்லை. கீழே வந்து நின்று திரும்பிப் பார்த்தால், டீச்சர் இரண்டு பிரேக்கையும் இறுக்கப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று ஓதிக்கொண்டே ஆமை மாதிரி வந்துகொண்டிருந்தார். அன்று முழுக்க நான் அவரை வென்ற ஒரே இடம் அதுதான்.

வாடியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஆனால் அங்கே ஒருவருமில்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. டீச்சர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். வரம்பில் நின்ற கொக்குகள்தான் எழும்பின.

"பாத்தீங்களா டீச்சர்? ஆள் ஓடிட்டார்," என்று சிரித்துக்கொண்டு உள்ளே குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி கழுவி, தண்ணீர் அளந்து ஊற்றி மூடியிருந்தது. ஒரு சட்டியில் ஆற்றுமீன், செதில் எடுத்து மஞ்சள் பிரட்டி வைத்தது. தேங்காய் துருவியாகிவிட்டது. ஒரு தட்டில் வெங்காயம், அவ்வளவு மெல்லிசாக, ஒரே அளவாக வெட்டி, ஈ மொய்க்காமல் வாழையிலைத் துண்டால் மூடியிருந்தது. மூன்று தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கூரையில் இருந்து தொங்கின உறியில் எங்களுக்கென்று இரண்டு செவ்விளநீர்.

டீச்சர் வெளியே வந்து வரம்பில் இருந்தார். அடுப்பை மூட்டுவோமா என்று கேட்டேன். "வேணாம். அவர்ர சமையல்," என்றார்.

முக்கால் மணித்தியாலம் போனது. மலைப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தமே இல்லாமல் வந்தது. இயந்திரம் ஓடவில்லை, இறக்கத்தில் உருண்டு வந்துகொண்டிருந்தது, எங்களைப் போலவே. வாடிக்கு இருபது யார் தூரத்துக்கு முன்னால் அது நின்றுவிட்டது. டீச்சருடைய கணவர் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேட்டு முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைக் கைவிட்டுவிட்டார். அது வரம்பில் சரிந்து விழுந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகமெல்லாம் ஒயில்.

"எந்த வழியால வந்தீங்க?"

"மலை வழியால."

அவர் வாய்க்கால் பக்கம் போய்க் குந்தி முகம் கழுவத் தொடங்கினார். நல்ல நேரம் கழுவினார். தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தார். தோள் குலுங்கியது. நான் கொக்குகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். விஞ்ஞான டீச்சர் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்று, தன் முக்காட்டின் நுனியை நீட்டினார். அவர் அதில் முகம் துடைத்தார்.

நடந்தது இதுதான். பத்து மணிக்கு வருவோம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பதினொன்று ஆகியும் காணவில்லை. நாங்கள் மட்டமான வீதியால்தான் வருவோம் என்று நினைத்து வாய்க்கால் கட்டோடு கிளிவெட்டி வரைக்கும் தேடிப் போயிருக்கிறார். அங்கே ஒரு கடையில், இரண்டு பெண்கள் மலைப் பக்கம் திரும்பினதாகச் சொல்லியிருக்கிறார்கள்; அந்தப் பக்கம் யானை நிற்கிறதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அவர் கண்மண் தெரியாமல் ஓடிவந்து தயிர்க்காரியைத் தாண்டி வளைவுக்கு வந்தால், முறிந்த கொப்பும் சாணமும். சைக்கிள் தடம் தாரில் தெரியாதே. இறங்கிக் காட்டுக் கரையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடியிருக்கிறார். பிறகு பாதி ஏற்றத்தில் பெற்றோல் முடிந்துவிட்டது. மீதி ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே ஏறியிருக்கிறார்.

"தயிர் விக்கிற மனிசியைக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எனக்குக் கேக்கப் பயமா இருந்திச்சு டீச்சர்," என்றார்.

பிறகு விஞ்ஞான டீச்சர்தான் கேட்டார். "வர ஏலாதெண்டு சிரிச்ச ஆள், என்னத்துக்கு வெங்காயம் வெட்டி வச்சீங்க?"

அவர் அடுப்புக்குள் சுள்ளி வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார். "வந்தா பசியோட வருவாயெண்டு."

நான் வாழ்க்கையில் பல இடங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மீன்குழம்பு மாதிரி ஒன்று பிறகு வாய்க்கவில்லை. உப்புக் கொஞ்சம் கூட. மிளகாய் அதைவிடக் கூட. மூன்று பேரும் வியர்த்து வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சட்டி அடி தெரியும்வரை சாப்பிட்டோம். டீச்சர் இரண்டாம் தரம் சோறு கேட்டபோது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

வெயில் சரியத் தொடங்கியது. அவர் பக்கத்து வயல்காரரிடம் ஒரு போத்தல் பெற்றோல் வாங்கிக்கொண்டு வந்து, "பின்னேரம் மூதூருக்கு ஒரு மிசின் போகுது. பெட்டியில ரெண்டு சைக்கிளையும் ஏத்திவிடுறன், நீங்களும் ஏறுங்க," என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு வாய் ஊறியது. தொடை இரண்டும் கல்லாகிக் கிடந்தன. நான் எழும்பக்கூட இல்லை.

"டீச்சர்," என்றார் விஞ்ஞான டீச்சர் தாழ்ந்த குரலில், "நீங்க ஏறினா நானும் ஏறணும்."

நான் எழும்பினேன்.

திரும்பிப் போகும்போது வாய்க்கால் வீதியால் போனோம். சேறு இருக்கவில்லை, காய்ந்து நல்ல மட்டமாக இருந்தது. கிளிவெட்டி வரைக்கும் அவர் மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னால் வந்தார். அவ்வளவு மெதுவாக ஓட்டத் தெரியாமல் இரண்டு தரம் காலை ஊன்றினார். தார் வீதி வந்ததும் டீச்சர் நின்று, "இனி நீங்க போங்க. வயலுக்குக் காவல் வேணுமே," என்றார். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

எதிர்க்காற்று. மூதூரிலிருந்து கடற்காற்று முகத்துக்கு நேரே. மாறி மாறி ஒருவர் முன்னால் போய்க் காற்றை மறித்தோம். நான் முன்னால் போனது குறைவு. கங்கைப் பாலத்தில் இறங்கி நின்று கடைசி ரொட்டியைத் தின்றோம். ஆறு அதே நிறத்தில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்து தன் முழங்கால்களைத் தடவினார்.

"பாருங்க டீச்சர், நடுங்குது. ஆனாலும் நான் சொல்லுறதைக் கேக்குது."

கிண்ணியாவில் அவர் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பினார். நான் பாலம் கடந்து, சீனக்குடா ஏற்றத்தைப் பாதி நடந்து, பாதி மிதித்து, வெளிச்சம் போவதற்குக் கொஞ்சம் முன்னால் பாலையூற்றுக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் கேற்றடியில் கதிரை போட்டு இருந்தார். பின்னேரம் மூன்று மணியிலிருந்து அங்கேதான் இருந்தாராம், எங்கள் மகள் சொன்னாள். "காத்து எப்படி?" என்று கேட்டார். "ஒருக்காப் போச்சு. நானே போட்டனான்," என்றேன். அவர் குனிந்து பின்சில்லை அமத்திப் பார்த்து, "வடிவாத்தான் போட்டிருக்கிறீர்," என்றார். எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் மேல்மாடியில் வகுப்பு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு முனகலாக ஏறினோம். அதிபர் கண்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே நாளில என்ன வந்தது?" என்று கேட்டார். "விருந்துக்குப் போனனாங்கள் சேர்," என்றார் விஞ்ஞான டீச்சர்.

கதை அதோடு முடியவில்லை. டீச்சருடைய கணவர் கிண்ணியாவில் ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையாக இதைச் சொல்லத் தொடங்கினார். யானை ஒன்று இரண்டாகியது, பிறகு கூட்டமாகியது. தூரமும் ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் நீண்டு, அல்லையையும் தாண்டி வெருகல் வரை போனது. முன்பு மாமியிடம் போய்ச் சொன்ன ஆட்களிலேயே ஒருவர் டீச்சரை வீதியில் மறித்து, "தங்கச்சி, வெருகல் வரைக்கும் ஓடினீங்களாமே, உண்மையோ?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன் நான்.

"ஓம் எண்டு சொல்லிட்டன் டீச்சர். வாயில வந்திட்டுது. பொய்யாப் போகக்கூடாது. வாற ஞாயிறு உங்களுக்கு ஏலுமோ?"

இரண்டு ஞாயிறு கழித்துத்தான் ஏலுமாக இருந்தது. போனோம். வெருகல் ஆற்றில் கால் நனைத்துவிட்டு, வரும்போது பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு, இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மூதூர்வரை நன்றாக நித்திரை கொண்டு வந்தோம்.